முறிந்த தகடும் முந்திவந்த மாலையும்

மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் புல்சாவங்கி என்றொரு கிராமம் இருக்கிறது. 2021ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், சுதந்திர தினத்துக்குச் சில நாட்களே மிச்சமிருந்த ஓர் இரவில், அவ்வூரைச் சேர்ந்த 24 வயது வெல்டிங் தொழிலாளி ஒருவர், தம் கையாலேயே செய்து முடித்த ஒற்றை ஆசன ஹெலிகாப்டருக்குள் ஏறி உட்கார்ந்து அதன் எஞ்சினை முடுக்கினார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இரும்பு அலமாரியும் ஏர் கூலரும் செய்யும் பட்டறையில் கை பழகியவர். மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து வைத்துக்கொண்டு, யூடியூபில் கண்டவற்றையே ஆசானாகக் கொண்டு, ஏறக்குறைய இரண்டு வருஷ காலம் அந்த யந்திரத்தோடு மல்லாடியவர். ஆகஸ்டு 15 அன்று ஊரார் முன்னிலையில் அதைக் காட்டிவிட வேண்டுமென்பது அவருடைய உத்தேசம். அன்றிரவு நடந்தது பரீட்சை ஓட்டந்தான். வேகம் ஏறிக்கொண்டிருக்கையில் வால்பக்கத்துச் சிறு விசிறியின் தகடு முறிந்து பறந்து, மேலே சுழன்றுகொண்டிருந்த பெரிய விசிறியில் மோத, அந்தப் பெரிய விசிறி அவர் தலையைத் தாக்கிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், உயிர் தங்கவில்லை.

இம்மாதிரிச் செய்தி வந்தவுடன் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவது வழக்கம். பம்பாய் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள உடுப்பி ஹோட்டல்களில் காலைக் காபிக்குக் கூடும் பெரியவர்களிடையேகூட இந்தப் பிளவைக் காணலாம். ‘படிக்காத மேதை, தேசம் இழந்துவிட்டதே!’ என்று கண்ணீர் வடிப்பது ஒரு கட்சி. ‘விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா, எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கு ஏன் ஐயா ஹெலிகாப்டர்?’ என்று கேட்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரும் மனிதரைப் பற்றியே பேசுகிறார்கள். முறிந்த அந்தத் தகட்டைப் பற்றி, அது எந்த உலோகத்தில் எவ்வளவு கனத்தில் வெட்டப்பட்டது, எந்த இடத்தில் பற்றவைக்கப்பட்டது, அந்தப் பற்றவைப்பை இன்னொருவர் என்றாவது தட்டிப் பார்த்தாரா என்பதைப் பற்றி, ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்தக் கடைசிக் கேள்விதான் இந்த விஷயத்தில் உயிர்நாடியான கேள்வி என்பது என் அபிப்பிராயம்.

தகடு முறிந்து கொன்ற சம்பவம் ஆகாய விமானத்தின் சரித்திரத்தில் புதிதன்று. 1908 செப்டம்பர் 17 அன்று, அமெரிக்கத் தலைநகரை அடுத்த போர்ட் மையர் ராணுவ மைதானத்தில், ஆர்வில் ரைட் தம் விமானத்தை ராணுவத்தாருக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது, சுழல்விசிறிகளுள் ஒன்று நெடுக்கில் பிளந்து, அதிர்ந்து, பின்புறத்துச் சுக்கானைக் கட்டியிருந்த கம்பியை அடித்தது. விமானம் தலைகீழாக வந்து தரையில் மோதியது. உடன் அமர்ந்திருந்த லெப்டினன்ட் தாமஸ் செல்ப்ரிட்ஜ் அன்று மாலையே இறந்தார். எஞ்சின் பூட்டிய விமானத்தின் விபத்தில் மாண்ட முதல் மனிதர் அவரே. ஆர்வில் கால் முறிந்து, விலா முறிந்து, வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆனால் உடைந்த விசிறி பரிசோதிக்கப்பட்டது. பிளவு எங்கே தொடங்கி எந்தக் கம்பியைத் தொட்டு எப்படி முடிந்தது என்பது நிர்ணயிக்கப்பட்டது. அடுத்த வருஷம் அதே மைதானத்துக்குத் திருத்திய விமானத்தோடு சகோதரர்கள் திரும்பி வந்தார்கள். ரைட் சகோதரர்களும் சைக்கிள் கடைக்காரர்களே, சர்வகலாசாலையின் வாசற்படியை மிதிக்காதவர்களே என்பதை, விரலையும் வீக்கத்தையும் அளக்கும் கட்சியார் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் புல்சாவங்கி இளைஞருக்கும் இருந்த பேதம் படிப்பிலே இல்லை. 1901இல் அவர்கள் தாமே ஒரு சிறு காற்றுச் சுரங்கம் செய்து, இறக்கையின் மாதிரிகளை நூற்றுக்கணக்கில் அதற்குள் வைத்து அளந்து பார்த்தவர்கள். அதற்கும் மேலாக, இருவராக இருந்தவர்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து, மணிக்கணக்கில் வாக்குவாதம் செய்து, அதன் பிறகே மரத்தில் உளியை வைத்தவர்கள். யவத்மாலின் இளைஞரோ தனியாள்.

நம் சென்னைப் பட்டணத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த தி ஆஞ்செலிஸ் என்ற கார்சிகத் தீவுக்காரர், பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியைக் கேட்டு உற்சாகம் மீறி, தாமே ஒரு விமானத்துக்குத் திட்டம் போட்டு, குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிகளும் கட்டிவந்த சிம்ப்ஸன் கம்பெனியாரிடம் அதைக் கட்டச் சொல்லி, 1910இல் பல்லாவரத்தில் பரீட்சித்தார். ஹோட்டல்காரர் ஒருவரின் ஆசையும் வண்டிப் பட்டறை ஆசாரிகளின் கைத்திறனும் சேர்ந்து விமானமாயின. அந்தக் காலத்தில் விமானம் கட்டியவர் எவரும் அமெச்சூர்தான். தொழில்முறை என்பது பிறகு வந்தது. இதைச் சொல்வதன் காரணம், பொழுதுபோக்காக விமானம் கட்டுவதை ஒரு பித்துக்குளித்தனமாகக் கருதும் மனோபாவத்துக்குச் சரித்திரத்தில் ஆதாரம் ஏதும் இல்லை என்பதை ஞாபகப்படுத்தத்தான்.

பித்து இல்லை; ஆனால் ஒரு பேராபத்தான பழக்கம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் தாராவிக்குப் போக வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய அந்தப் பிரதேசத்தில், தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில், பதின்மூன்றாம் காம்பவுண்டின் பிளாஸ்டிக் அரைக்கும் கொட்டகைகளில், யந்திரங்களைப் பாருங்கள். அவற்றுள் பல எந்தக் கம்பெனியின் விலைப்பட்டியலிலும் இல்லாதவை. பழைய மோட்டாரையும், கப்பல் உடைக்கும் துறையிலிருந்து வந்த இரும்பையும், எங்கோ கிடைத்த பற்சக்கரத்தையும் பொருத்தி, அங்குள்ள மிஸ்திரிகள் தாமே சிருஷ்டித்தவை. வரைபடம் கிடையாது, கணக்கு கிடையாது, ஓட்டிப் பார்ப்பார்கள், உடைந்தால் அந்த இடத்தில் இன்னொரு பட்டை வைத்துப் பற்றவைப்பார்கள், மறுபடியும் ஓட்டிப் பார்ப்பார்கள். உபயோகமே அங்கே பரீட்சை. உடைவதே அங்கே உபாத்தியாயர். இந்தச் சாமர்த்தியத்தைக் குறைத்துப் பேசுகிறவன் நான் அல்லன். அரைக்கும் யந்திரத்தின் அச்சு முறிந்தால் அரை நாள் கூலி நஷ்டம். அதிலிருந்து கற்றுக்கொண்டு அடுத்த அச்சைத் தடிமனாகப் போட்டுவிடலாம். ஆனால் இதே கல்விமுறையைச் சுழலும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அநுசரித்தால், முதல் பாடமே கடைசிப் பாடமாகிவிடுகிறது.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பட்டறையில் தடிமன் ஒரு பாதுகாப்பு. ஆகாயத்தில் தடிமன் பாரம், பாரம் அபாயம். அங்கே உலோகத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் வித்தை. பற்றவைத்த இடத்தை ஒட்டினாற்போலச் சூட்டில் வெந்த ஒரு ரேகை ஓடும். உலோகம் அவ்விடத்தில் தன் இயல்பான பலத்தை இழந்திருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஒரு விசிறித் தகடு நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் அணுப்பிரமாணம் வளைந்து நிமிர்கிறது. நூறு சுற்றில் ஒன்றும் ஆகாது, பத்தாயிரத்தில் ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு நாள், முன்னறிவிப்பே இல்லாமல், நேற்று வரை உறுதியாக இருந்தது இன்று இரண்டு துண்டாகிவிடும். உலோகத்தின் களைப்பு என்று எஞ்சினீயர்கள் சொல்லும் இந்தக் குணம், ‘நேற்று நன்றாக ஓடிற்று’ என்ற பட்டறை நியாயத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. யவத்மாலில் தகடு முறிந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இப்படியொரு காரணம் இருக்கலாம் என்று முன்னதாகவே சொல்லக்கூடியவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் வாதம்.

அப்படிச் சொல்லக்கூடியவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமா? தாராவியிலிருந்து ஒரு நாழிகைத் தூரத்தில் செம்பூர். அங்கே முருகன் கோயிலிலும் பைன் ஆர்ட்ஸ் கச்சேரியிலும் பார்க்கிற வெள்ளைத் தலைகளில் எத்தனை பேர், டிராம்பேயின் அணுசக்தி நிலையத்திலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் முப்பது வருஷம் பற்றவைப்பைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர்கள்! எக்ஸ்ரே வைத்து, மீயொலி வைத்து, சாயம் தடவி, மயிரிழைப் பிளவைக் கண்டுபிடிக்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது. நடுவில் மாட்டுங்கா, அங்கே 1887இல் ஸ்தாபிதமான வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்பக் கல்லூரி, கொஞ்சம் வடக்கே பவாயில் ஐ.ஐ.டி.யின் விமானப் பொறியியல் துறை. செய்யும் கையும் சோதிக்கும் கண்ணும் ஒரே பட்டணத்தில், ஒரே பாஷை பேசிக்கொண்டு, சில மைல் இடைவெளியில் வாழ்கின்றன. ஒரே பெஞ்சில் அவை உட்கார்ந்ததில்லை. உட்காரவைக்க ஒரு ஸ்தாபனம் இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இருக்கிற ஸ்தாபனங்கள் என்ன செய்கின்றன? அமோல் யாதவின் கதை இதற்குத் தக்க உதாரணம். ஜெட் ஏர்வேஸில் விமானியாக இருந்த இவர், காந்திவலி சார்கோப்பில் தம் குடும்பம் வசிக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், பல வருஷ காலம் சொந்தப் பணத்தையும் குடும்பத்தாரின் பொருளையும் செலவழித்து, ஆறு பேர் அமரக்கூடிய விமானம் ஒன்றைக் கட்டினார். 2016 பிப்ரவரியில் ‘மேக் இன் இந்தியா’ வாரம் நடந்தபோது அதைக் கிரேன் வைத்து இறக்கி, தாராவிக்கு எதிர்க்கரையில், மீட்டி நதிக்கு அப்பால் இருக்கும் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் கொண்டுவந்து காட்டினார். அதன் பிறகு பாராட்டுக்குக் குறைவில்லை. 2017 நவம்பரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதைப் பதிவு செய்தது. பிரதம மந்திரியின் பெயரிலும் முதல் மந்திரியின் பெயரிலும் உள்ள எழுத்துகளைக் கொண்டு ‘வி.டி.-என்.எம்.டி.’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். 2018 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசாங்கம், பால்கர் ஜில்லாவில் விமானத் தொழிற்சாலை அமைக்க 35,000 கோடி ரூபாய் மதிப்புள்ள புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டது. பறந்து பார்க்க அனுமதிப் பத்திரம் எப்போது வந்தது தெரியுமா? 2019 அக்டோபரில். அதாவது, ஒரு யந்திரம் தரையை விட்டு எழும்பலாமா கூடாதா என்று சட்டம் தீர்மானிப்பதற்கு ஒன்றரை வருஷம் முன்னதாகவே, அதன் வமிசாவளியில் பிறக்கப்போகும் விமானங்களுக்கு 35,000 கோடி நிச்சயிக்கப்பட்டுவிட்டது! மாலை முந்திவிட்டது; பரீட்சை பிந்திவிட்டது. இதில் யாதவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொழிலால் விமானியாதலால், அனுமதி இல்லாமல் பறக்கக்கூடாதென்று காத்திருந்த நிதானம் அவரிடம் இருந்தது. 2020இல் துலே விமானத்தளத்தில் முறைப்படி பரீட்சைகள் நடந்தன. ஆனால் இயக்குநரகத்தின் படிக்கட்டுகளில் வருஷக்கணக்கில் ஏறி இறங்க ஒரு விமானிக்குப் பொறுமையும் பரிச்சயமும் இருக்கலாம். ஒரு வெல்டிங் தொழிலாளிக்கு அந்தப் படிக்கட்டு எந்த ஊரில் இருக்கிறது என்பதே தெரிந்திராது.

சோதிக்காமல் கொண்டாடுவது நமக்கு ஒரு தேசிய வியாதியாகவே ஆகிவிட்டதோ என்று சில சமயம் சந்தேகம் வருகிறது. 2015 ஜனவரியில் இதே பம்பாயில், கலீனாவின் சர்வகலாசாலை வளாகத்தில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸில், புராதன காலத்தில் கண்டம் விட்டுக் கண்டம் பறந்த விமானங்கள் இருந்தன என்று ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. அந்த வாதத்துக்கு மூலாதாரமாகக் காட்டப்படும் வைமானிக சாஸ்திரம் என்னும் நூலை, 1974ஆம் வருஷத்திலேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முகுந்தாவும் அவருடைய சகாக்களும் எடுத்துக்கொண்டு, ஏளனம் செய்யாமல், அதிலுள்ள படங்களைப் பௌதிக நியமங்களின்படி கணக்கிட்டு, அவை பறக்கத் தக்கவையல்ல என்றும், நூல் இருபதாம் நூற்றாண்டில் இயற்றப்பட்டதே என்றும் நிதானமாக எழுதிவிட்டார்கள். ஒரு பிரஜையின் கனவை மதித்துச் சோதிப்பது எப்படி என்பதற்கு அந்தச் சிறு கட்டுரை இன்றும் நல்ல முன்மாதிரி.

கனவை மதித்துச் சோதித்த இன்னோர் இடம் நம் திருநெல்வேலிச் சீமையிலேயே இருந்தது. இடுக்கி ஜில்லாவின் சஜி தாமஸ், பிறவியிலேயே காதும் பேச்சும் இல்லாதவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ரப்பர்த் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்து விமானப் பைத்தியம் பிடித்தவர். வருஷக்கணக்கில் பாடுபட்டு அவர் கட்டிய இலகு விமானம் 2014இல், அம்பாசமுத்திரத்தை அடுத்த மணிமுத்தாற்றில் பறந்தது. அங்கே ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி எஸ்.கே.ஜே. நாயர் இருந்தார், அந்த யந்திரத்தை மேலே எடுத்துச்சென்று பரீட்சித்தது அநுபவம் முதிர்ந்த அவருடைய கை. புல்சாவங்கியில் இருந்த ஆசையும் உழைப்பும் கல்விக்குறைவும் மணிமுத்தாற்றிலும் இருந்தன. புல்சாவங்கியில் இல்லாத ஒரு நாயர் மணிமுத்தாற்றில் இருந்தார். ஆனால் ஒரு தேசத்தின் விமானப் பாதுகாப்பு, தற்செயலாக எந்த ஊரில் எந்த நாயர் குடியேறுகிறார் என்பதைப் பொறுத்திருக்கலாமா?

மேல்நாட்டில் இதற்கு முறைகள் இருக்கின்றன. அங்கும் விபத்துகள் நடக்கின்றன. உலகப் பிரசித்தி பெற்ற பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியக் கடற்கரையில் மாண்டது, அமெச்சூர் ஒருவர் கட்டி, பல கை மாறி, டென்வர் அப்போதுதான் வாங்கியிருந்த ‘லாங்-ஈஸி’ விமானத்திலே. பர்ட் ரூட்டன் என்ற மகா நிபுணர் வரைந்த திட்டம் அது. ஒரு தொட்டியில் பெட்ரோல் தீர்ந்தால் மறு தொட்டிக்கு மாற்றும் திருகை, விமானியின் கைக்கெட்டும் தூரத்தில், முன்பக்கம் வைத்திருந்தார் ரூட்டன். கட்டியவரோ, பெட்ரோல் குழாய் விமானி உட்காரும் அறைக்குள் வரவேண்டாமே என்ற நல்லெண்ணத்தால், அந்தத் திருகை விமானியின் இடத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்தத் தொட்டி என்ற குறிப்பும் அதில் இல்லை. அதைத் திருப்ப வேண்டுமானால், விமானத்தைச் செலுத்தும் கையை விட்டுவிட்டு, உடம்பை முறுக்கித் தோளுக்குப் பின்னால் எட்ட வேண்டும். அப்படி முறுக்கும்போது வலக் கால் தானாகவே சுக்கான் மிதியை அழுத்தும். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்து பழகிய டென்வர், கிளம்புமுன் இந்தக் கஷ்டத்தைப் பற்றி ஒரு மெக்கானிக்கோடு பேசி, ஒரு குறடைப் பிடியாக மாட்டிப் பார்த்து, அதுவும் எட்டவில்லை என்று கண்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிப் பறந்தார். பாதுகாப்புக்காகச் செய்த ஒரு மாறுதல், கட்டியவருக்குப் பின்னால் வந்த ஒருவரைக் கொன்றது. வீட்டில் கட்டிய விமானத்தின் பிரத்தியேக அபாயம் இதுவே: கட்டியவருடைய மனத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்கும் விதிகள், விற்கும்போது கூடவே வருவதில்லை.

இதே லாங்-ஈஸியின் திட்டத்தை ஆதாரமாகக் கொண்டுதான் பெங்களூரின் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் இலகு விமானம் ஒன்றைக் கட்டி 1987இல் பறக்கவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. அமெச்சூர்களுக்காக வரைந்த திட்டத்தை ஓர் அரசாங்க ஆய்வுக்கூடம் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை. பிற்காலத்தில் அதே கூடம், நிபுணர் படையோடு கட்டிய ‘சரஸ்’ விமானத்தின் இரண்டாம் மாதிரி 2009 மார்ச் 6 அன்று பிடதி அருகே விழுந்து, ஸ்க்வாட்ரன் லீடர் இளையராஜா உட்பட விமானப்படையைச் சேர்ந்த மூவர் மாண்டார்கள். நிறுத்திய எஞ்சினை ஆகாயத்தில் மறுபடி முடுக்குவதற்கு வடிவமைப்பாளர்கள் வகுத்துக் கொடுத்த முறையே பிழையானது என்று விசாரணை அறிக்கை எழுதிற்று. பிழை படிக்காதவர்களின் ஏகபோகச் சொத்தன்று.

புள்ளிவிவரமும் பார்க்கலாம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அந்நாட்டின் தனியார் சிறு விமானங்களில் அமெச்சூர்கள் கட்டியவை ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து. 2011ஆம் வருஷத்து விபத்துகளிலோ அவற்றின் பங்கு நூற்றுக்குப் பதினைந்து, உயிர்ச்சேத விபத்துகளில் நூற்றுக்கு இருபத்தொன்று. எஞ்சின் கோளாறும் விமானம் கைமீறிப் போவதும் முக்கியமான காரணங்கள். இந்த எண்களைப் பார்த்தும் அவர்கள் தடை செய்யவில்லை. 1953இல் பால் பொபெரெஸ்னி விஸ்கான்சினில் ஆரம்பித்த அமெச்சூர் சங்கத்தின் ஆலோசகர்கள், கூலி வாங்காமல் வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். முதல் பல மணி நேரப் பறத்தலுக்குப் பிரயாணி ஏறக்கூடாது, ஜனநெருக்கமுள்ள இடத்துக்கு மேல் போகக்கூடாது. ஏறும் இடத்தில் ‘பரிசோதனை விமானம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே; கட்டும் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும், மேல்தகடு போட்டு மூடுவதற்கு முன்பு, சங்கத்தின் பரிசோதகர் உள்ளே எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூடிய பிறகு பார்த்து என்ன பயன்?

ஆனாலும் எனக்குப் பிடித்த உதாரணம் பிரான்ஸ் தேசத்து ஹென்றி மின்யே. 1930களில், மரப்பெட்டிக்கு ஆணியடிக்கத் தெரிந்தவனும் கட்டிவிடலாம் என்ற தோரணையில் ஒரு குட்டி விமானத்துக்குத் திட்டம் எழுதிப் புஸ்தகமாகப் போட்டார். ‘ஆகாயப் பூச்சி’ என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கானோர் வீட்டுக் கூடத்திலும் கொட்டகையிலும் கட்டத் தொடங்க, 1935, 36இல் வரிசையாகச் சாவுகள்; தலை கவிழ்ந்த விமானம் நிமிரவே மறுக்கிறது என்று புகார். அப்போது பிரெஞ்சு அரசாங்கமும் ஆங்கில அரசாங்கமும் செய்த காரியம் கவனிக்கத் தக்கது. ஷாலே-மூதோனிலும் பார்ன்பரோவிலும் இருந்த பிரம்மாண்டமான காற்றுச் சுரங்கங்களுக்குள் அந்த ஏழை விமானத்தை முழு உருவத்தோடு கொண்டுபோய் நிறுத்தி, காற்றை ஊதிப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குக் கீழே தலை சாய்ந்துவிட்டால், முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒன்றையொன்று பாதித்து, நிமிர்த்தும் சக்தியே இல்லாமற்போகிறது என்று கண்டார்கள். அதைக் கண்ட பிறகு இங்கிலாந்தில் பூச்சிகளின் ராஜ்யம் முடிந்தது. மின்யேயோ திட்டத்தைத் திருத்திக்கொண்டு தம் வேலையைத் தொடர்ந்தார். மறுப்பு வந்தது, காரணத்தோடு வந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒரு விஷயத்தில் நான் தயவு தாட்சண்யம் இல்லாதவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூன் 28 அன்று, செம்பூருக்குப் பக்கத்திலுள்ள காட்கோபரில், நெடுங்காலம் பறக்காமல் கிடந்து செப்பனிடப்பட்ட கிங் ஏர் விமானம் ஒன்று, ஜூஹுவிலிருந்து சோதனைப் பறத்தலுக்குக் கிளம்பி, கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் வளாகத்தில் விழுந்தது. இரண்டு விமானிகளும் இரண்டு தொழில்நுட்ப ஊழியர்களும் மாண்டார்கள். ஐந்தாமவர், விமானத்துக்கும் தமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் தெருவில் நின்ற மனிதர். கட்டடத் தொழிலாளிகள் பலர் மத்தியான்னச் சாப்பாட்டுக்குப் போயிருந்ததால் சேதம் அவ்வளவோடு நின்றது. அது அமெச்சூர் கட்டிய விமானம் அன்று. பெரிய கம்பெனி செய்த, லைசென்ஸ் பெற்ற விமானம். அதற்கே இந்தக் கதியானால், பரிசோதனை விமானம் எதுவும் இந்தப் பட்டணத்தின் ஓடுகளுக்கும் தகரக் கூரைகளுக்கும் மேலே போக அனுமதிக்கப்படலாகாது. தம் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்பது வேதாந்தம். குர்லாவில் பாய் விரித்துப் படுத்திருப்பவரின் உயிரைப் பணயம் வைக்க உரிமை இல்லை என்பது வேதாந்தம் அன்று.

ஆகவே இடம் வேண்டும். இடம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் போட்ட ஓடுபாதைகள் செட்டிநாட்டிலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் கயத்தாற்றிலும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. சோழவரத்தின் ஓடுபாதையில் வருஷக்கணக்கில் மோட்டார்ப் பந்தயம் நடந்ததை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம்; வீட்டுக் கொட்டகையில் கார் கட்டிக்கொண்டு வந்து ஓட்டியவர்களும் உண்டு. காருக்கு ஒரு சோழவரம் கிடைத்தது. மராட்டியத்தில் துலேயைப் போன்ற ஒன்றும், தமிழ்நாட்டில் மேற்சொன்னவற்றுள் ஒன்றும் மாதத்தில் சில நாட்கள் ஒதுக்கப்பட்டால் போதும். ஒதுக்கும் இடத்தில் ஒரு காற்றுமானியும், ஒரு தீயணைப்பு வண்டியும், பார்வையாளர்களைத் தள்ளி நிறுத்த ஒரு வேலியும் இருக்கட்டும்.

விதி வகுப்பது கஷ்டம் என்று இயக்குநரகத்தார் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆளில்லாத விமானங்களுக்கான டிரோன் விதிகள் 2021 ஆகஸ்டு 25 அன்று வெளியாயின. அவற்றில் 250 கிராம் வரை, 2 கிலோ வரை, 25 கிலோ வரை, 150 கிலோ வரை என்று பாரத்தைக் கொண்டு படிப்படியாகப் பிரித்து, பாரம் கூடக் கூடக் கட்டுப்பாட்டைக் கூட்டி, தேசத்தின் ஆகாயத்தையே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணம் பூசி, எங்கே கேட்காமல் பறக்கலாம், எங்கே கேட்க வேண்டும் என்று தெளிவாக்கிவிட்டார்கள். மனிதன் ஏறும் அமெச்சூர் விமானத்துக்கும் அதே தாராளமும் அதே தெளிவும் சாத்தியமே. 1934ஆம் வருஷத்து விமானச் சட்டத்தை எடுத்துவிட்டு, ‘பாரதீய வாயுயான் அதினியம்’ 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. இதன் கீழ் விதிகளைத் திருத்தும் இந்தச் சமயத்தைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஒற்றை ஆசனம், குறித்த பாரத்துக்குள், குறித்த மைதானத்தில், கட்டத்துக்குக் கட்டம் ஒரு பரிசோதகரின் கையெழுத்தோடு என்ற அளவில் ஆரம்பித்தால் போதும். விண்ணப்பம் மராத்தியிலும் தமிழிலும் எழுதக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.

பரிசோதகர்களாக அழைக்கப்படும் செம்பூர்ப் பெரியவர்களிடம் இந்த யோசனையைச் சொன்னால், அவர்கள் முதலில் கேட்கப்போகும் கேள்வி எனக்கு இப்போதே காதில் விழுகிறது: ‘நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பற்றவைப்பு நாளைக்கு முறிந்தால், போலீஸ்காரர் என் வீட்டுக் கதவைத் தட்டுவாரா?’ நியாயமான கேள்வி. இன்று இருக்கிற நிலையில் தட்டத்தான் தட்டுவார்; அந்தப் பயம் இருக்கும்வரையில் கௌரவமான மனிதர் எவரும் ஒரு வெல்டரின் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கமாட்டார். சிரத்தையோடு சோதித்து, தாம் கண்டதைத் தேதியிட்டு எழுதிக் கையெழுத்திட்ட பரிசோதகர்மேல், வேண்டுமென்றே பொய் எழுதினார் என்று நிரூபித்தாலன்றிக் குற்ற வழக்கில்லை என்ற ஒரு ஷரத்தும், கீழே நிற்பவர்களுக்கு நேரும் நஷ்டத்துக்குக் கட்டியவர் கட்டாயமாக எடுக்கவேண்டிய இன்ஷூரன்ஸும், புதிய விதிகளின் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். தகடு எவ்வளவு கனம் இருக்கவேண்டும் என்ற விவகாரத்தை அதற்கப்புறம் பெரியவர்களே பார்த்துக்கொள்வார்கள்.